வயிற்று ஜவ்வும் நாலு நாள் பொய்யும்

இதை எழுதும் நேரத்தில் என் வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் சர்க்கரைத் தண்ணீர் இருக்கிறது. குடித்த தண்ணீர் இல்லை. தொப்புளுக்குக் கீழே இடது பக்கமாக ஒரு மெல்லிய குழாய் வெளியே வருகிறது. அதன் வழியாகக் காலை ஆறரைக்கு உள்ளே விட்டது. மதியம் வரை அது உள்ளேயே இருக்கும். அதுவரை நான் சும்மா இருந்தால் போதும், ரத்தத்தில் சேர்ந்த அழுக்கெல்லாம் அந்தத் தண்ணீருக்குள் தானாக வந்து இறங்கிவிடும். பிறகு அதை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். ஒரு நாளைக்கு நாலு தடவை. நடுவில் நான் ஆபீஸ் போகிறேன், மெட்ரோவில் இடம் பிடிக்க முண்டுகிறேன், சாம்பாரில் உப்பு இல்லை என்று வீட்டில் சண்டை போடுகிறேன். என்னைப் பார்த்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது.

என் மனைவி கிரேஸுக்கு இது பிடிப்பதில்லை. வியாதியைப் பற்றிப் பேசும்போது முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாதா, கேட்கிறவர்கள் நமக்கு லாட்டரி விழுந்தது என்றல்லவா நினைக்கிறார்கள் என்பாள். நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். சின்ன விஷயத்துக்கும் பரபரவென்று ஆகிவிடுவேன்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக டில்லியில் மத்திய அரசு வேலை. லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். ஒரே மகள் ஷைனி, கல்லூரியில் இரண்டாம் வருஷம். இருபது வருஷமாகச் சர்க்கரை. நாலு வருஷம் முன்னால் ஒரு ஹார்ட் அட்டாக், அதற்குப் பிறகு இதயம் அரை மனசோடுதான் வேலை செய்கிறது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது, "கிட்னி போய்விட்டது" என்று ஒரு டாக்டர் சொல்லும் நாள் வரலாம். அன்றைக்கு இது உதவும். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாமல் இருக்கவும் உதவும்.

போன மே மாதம் கால் வீங்கியது. ஷூ ஏறவில்லை. சிறுநீர் குறைந்தது. டாக்டரிடம் போவதற்குப் பதிலாக நானே ஒரு முடிவுக்கு வந்தேன், உடம்புச் சூடு. டில்லியில் மே மாதம் எது நடந்தாலும் சூடுதான் காரணம். மார்க்கெட் முனையில் இளநீர் விற்கிறவரிடம் காலையில் ஒன்று, ஆபீஸ் விட்டு வரும்போது இரண்டு என்று ஒரு வாரம் குடித்தேன். எட்டாம் நாள் மாடிப்படியில் நாலு படி ஏறியதும் கால் இரண்டும் துணியாகிவிட்டன. படியிலேயே உட்கார்ந்தேன். மூச்சு மேலே மேலே வாங்கியது.

எமர்ஜென்சியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். காகிதத்தைப் பார்த்த ஜூனியர் டாக்டர் ஓடினார், உண்மையாகவே ஓடினார். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். என் கிட்னி இரண்டும் எனக்கு நோட்டீஸ் கொடுக்காமலே ராஜினாமா செய்து பல மாதம் ஆகியிருந்தது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும்.

இன்சுலின் ஊசியும் குளுகோஸும் ஒன்றாக ஏற்றினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே நான் ஆட்சேபித்தேன். சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது, இன்சுலின் எதற்கு? அந்த அவசரத்திலும் ஒரு டாக்டரம்மா நின்று பதில் சொன்னார். பஞ்சாபிப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கடைசி வரை என்னைப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். அவர் சொன்னது இது. உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு ஜவ்வு இருக்கிறது. அந்த ஜவ்வில் குட்டிக் குட்டி பம்புகள். சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், இரவும் பகலும் ஓயாமல். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பெரிய பங்கு இந்தப் பம்புகளுக்கே போய்விடுகிறதாம். இன்சுலின் அந்தப் பம்புகளை விரட்டி வேலை வாங்கும். ரத்தத்தில் நிற்கும் பொட்டாசியம் செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வெளியேறிவிடாது, ஒளிந்துதான் இருக்கும். விருந்தாளி வருவதற்குள் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது போல. அதற்குள் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

வேறு ஏற்பாடு என்பது டயாலிசிஸ். கழுத்தில் ஒரு குழாய் போட்டு ரத்தத்தை இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். முதல் தடவை தப்பித்தேன். இரண்டாவது தடவை மூன்றாம் மணி நேரத்தில் விளக்குகள் மங்கின. கிரேஸின் முகம் தூரத்தில் போனது. கண் விழித்தபோது தலை கீழே, கால் மேலே. ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டதாம். நாலு மணி நேரத்தில் அவ்வளவு தண்ணீரை இயந்திரம் இழுத்தால் என் இதயத்தால் தாங்க முடியவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை இப்படி என்றால் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பயந்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே பயந்தேன். கிரேஸ் கையிலிருந்த ரிப்போர்ட் ஃபைலின் நாடாவைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அப்போதுதான் டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டு ஒன்றைத் திருப்பி அதன் முதுகில் ஒரு வயிறு வரைந்தார்.

"அங்கிள்ஜி, ஃபில்டர் ஆப்கே பேட் மே ஹி ஹை" என்றார். வடிகட்டி உங்கள் வயிற்றிலேயே இருக்கிறது என்று.

அந்த ஒரு வாக்கியத்தில் என் பயம் பாதி போய்விட்டது. சும்மா சொல்லவில்லை. குடலை எல்லாம் போர்த்திக்கொண்டு, வயிற்றின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கிறதாம். பெரிட்டோனியம் என்று பெயர். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து போட்டி வாங்கி வந்து கழுவுகிறவன் நான்தானே. ஆட்டுக் குடல் மேல் கண்ணாடித்தாள் மாதிரி வழவழவென்று ஒரு ஜவ்வு வரும், அதை உரித்துப் போட்டால்தான் குழம்பு நன்றாக இருக்கும். இத்தனை வருஷமாக உரித்துக் குப்பையில் போட்ட சமாச்சாரம்தான் இப்போது என்னைக் காப்பாற்றப் போகிறது. மனிதனின் ஜவ்வை விரித்துப் போட்டால் அவன் உடம்புத் தோல் முழுவதற்கும் கிட்டத்தட்ட ஈடாகும் என்றார். அதில் லட்சக்கணக்கான மெல்லிய ரத்தக் குழாய்கள். என் தொந்தியை நான் மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

வேலை எப்படி நடக்கிறது? சொல்கிறேன், கேளுங்கள். ஆபீஸில் டீ பேகை வெந்நீரில் போடுகிறோம். யாரும் கலக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஆனாலும் சாயம் தானாக இறங்குகிறது, தூள் மட்டும் பைக்குள்ளேயே நிற்கிறது. எங்கே அதிகமோ அங்கிருந்து குறைவான இடத்துக்கு, இரண்டும் சமமாகும் வரை போய்க்கொண்டே இருக்கும். ரத்தத்தில் யூரியா அதிகம், வயிற்றில் விட்ட புதுத் தண்ணீரில் யூரியாவே இல்லை. ஜவ்வைத் தாண்டி வந்துவிடுகிறது. ரத்த அணுக்கள் பெரிசு, அவை தாண்டாது. முப்பது வருஷமாக ஃபைல்களை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்துவதே என் தொழில். மேலிடத்து போன் இல்லாமல் ஒரு ஃபைல் நகர்ந்து நான் பார்த்ததில்லை. சிபாரிசு இல்லாமல், பம்பு இல்லாமல், கரண்ட் கூட இல்லாமல் ஒன்று தானாக நகர்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

சரி, உடம்பில் தேங்கிய தண்ணீர்? அதற்குத்தான் சர்க்கரை. ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டி உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு நிற்கிறது இல்லையா? உப்பு மாங்காய்க்குள்ளிருந்து தண்ணீரை இழுக்கிறது. அதே போல வயிற்றில் இருக்கும் சர்க்கரை, ரத்தத்திலிருந்து தண்ணீரை ஜவ்வு வழியாக இழுக்கும். மெதுவாக, மணிக்கணக்கில். இயந்திரம் நாலு மணி நேரத்தில் பிடுங்குவதை இது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும், இதயத்துக்கு அதிர்ச்சி இல்லை. ஒரு தொல்லையும் உண்டு. ஜவ்வு ஒருவழிப் பாதை இல்லை. அங்கிருந்து அழுக்கு வரும்போது இங்கிருந்து சர்க்கரையும் ரத்தத்துக்குள் போகும். என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்கள் இன்சுலினைக் கூட்ட வேண்டும்.

வெளியே வந்து காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் இதை விளக்க ஆரம்பித்துவிட்டேன். படம் வரைந்த சீட்டைக் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில், கைகளை விரித்து. ஷைனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கிரேஸ் இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்து எனக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாதது போல இருந்தாள்.

ஒன்று மட்டும் டாக்டரம்மா அழுத்திச் சொல்லியிருந்தார். வயிற்றில் வைக்கப்போகும் குழாய் சரியாக வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் திரும்பவும் இயந்திரம்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை குழாய் வைக்கும் ஆபரேஷன் என்று முடிவாகி, சனிக்கிழமை வார்டு மாற்றினார்கள். அங்கேதான் ஜெபா வந்தாள். காலை ஷிஃப்ட் நர்ஸ். என் ஃபைலில் பெயரைப் பார்த்ததுமே, "சார், நீங்க தமிழா?" என்றாள். பத்து நாளாக இந்தியில் முனகிக்கொண்டிருந்தவனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஊரைக் கேட்டாள், நாசரேத் பக்கம் என்றேன். அவள் அம்மாவும் அந்தப் பக்கம்தான். பத்தே நிமிஷத்தில் நான் பெரியப்பா, கிரேஸ் பெரியம்மா. கிரேஸ் அவளுடைய சபை எது, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து முடித்தாள். சாயங்காலம் என் காதில், கோயம்புத்தூரில் இருக்கும் தன் தம்பி மகனுக்கு இந்தப் பெண் பொருத்தமாக இருப்பாளே என்றாள். வயிற்றில் ஓட்டை போடப் போகிற நேரத்தில் சம்பந்தம் பேச எங்கள் ஆட்களால்தான் முடியும்.

ஞாயிறு மாலை குடல் சுத்தமாக ஒரு சிரப் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திங்கள் காலை ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்கிறது. ஜெபா சார்ட்டை வைத்துக்கொண்டு வந்தாள்.

"பெரியப்பா, மோஷன் போனீயளா?"

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எமர்ஜென்சியில் இருந்தபோது ஹரியானாக்கார நர்ஸ் ஒருத்தர் இதையே இந்தியில் கேட்டார், நான் நாலு பேர் கேட்கப் பதில் சொன்னேன். இந்தியில் சொன்னால் அது வேறு யாரோ ஒருவருடைய வயிறு. எங்கள் ஊர்ப் பேச்சில், பெரியப்பா என்று கூப்பிட்டு, நாளைக்குச் சம்பந்தக்காரியாக வரக்கூடிய பெண் கேட்கும்போது என் நாக்கு எழவில்லை. இல்லை என்று சொன்னால் எனிமா. கொடுக்கப்போவது ஜெபா. "ஆச்சும்மா" என்றேன்.

அதுதான் முதல் பொய். ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பெரிய வலி இல்லை. குழாயின் நுனி அடிவயிற்றின் ஆகக் கீழே, பள்ளத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் தண்ணீர் தேங்கும், அங்கிருந்தால்தான் முழுவதும் வடியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டாவது பொய். அன்றைக்கே முதல் தடவையாகத் தண்ணீர் விட்டார்கள். புண் ஆறும் வரை கொஞ்சமாக, படுக்க வைத்து, எண்ணூறு மில்லி. உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீர் வயிற்றுக்குள் பரவும்போது இதமாக இருந்தது. நாலு மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். தரையில் கிடந்த பையில் எலுமிச்சை நிறத்தில் இறங்கியது. எழுநூற்றைம்பது வந்தது. என் ரத்தத்திலிருந்த விஷத்தை என் கண்ணால் பார்த்தேன். ஷைனியைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னேன், "அப்பா, யே கோயி போட்டோ ஹை?" என்றாள், இதெல்லாம் ஒரு போட்டோவா என்று மறுத்துவிட்டாள்.

புதன்கிழமை எண்ணூறு உள்ளே போனது, முன்னூறு வந்தது. புரண்டு படுத்தேன், எழுந்து உட்கார்ந்தேன், குழாயைத் தட்டினார்கள். அவ்வளவுதான். வியாழக்கிழமை எண்ணூறுக்கு இருநூறு. வயிறு உப்பி நின்றது. மூச்சு முட்டியது. டாக்டரம்மா தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொன்னார். முகத்தில் சிரிப்பு இல்லை. மாலையில் எக்ஸ்ரே. சனிக்கிழமை வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார். இந்த இதயத்தோடு முழு மயக்க மருந்து சுலபம் இல்லை. அதிலும் சரியாகவில்லை என்றால் இயந்திரம். கிரேஸ் சபையின் வாட்ஸ்அப் குழுவில், குழாய்க்காக எல்லோரும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று போட்டாள். டில்லி முழுவதும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் என் குழாய்க்காக மன்றாடிக்கொண்டிருந்தார்கள்.

நானோ தினமும் காலையில் அந்தக் கேள்விக்கு "ஆச்சும்மா" சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் முடிச்சு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வயிற்றில் இருப்பது ஜவ்வின் விவகாரம், குடலில் இருப்பது என் சொந்த விவகாரம் என்று பிரித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ். டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீழே நிற்க வேண்டிய குழாயின் நுனி திரும்பி விலா எலும்புப் பக்கம் ஏறியிருந்தது. அதைவிட முக்கியமாகக் குடல் முழுக்க அடைசல். நிரம்பிய குடல் குழாயை நெம்பி மேலே தள்ளிவிட்டிருக்கிறது. அவர் சார்ட்டைப் புரட்டினார். மோஷன் என்ற கட்டத்தில் தினமும் ஆயிற்று என்று ஜெபாவின் கையெழுத்து.

அவர் ஜெபாவின் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் சுட்டது. நோயாளியிடம் கேட்டு எழுதினாயா, நீயே நிரப்பினாயா? இந்த ஒரு கட்டத்தை நம்பி இவர் வயிற்றை நாளைக்குத் திறக்க இருந்தோம், தெரியுமா? மேட்ரனுக்கு எழுதப்போகிறேன் என்றார். ஜெபா கேட்டுத்தான் எழுதினேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கும் மாதிரி என் பக்கம் ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு நாள் எந்த வெட்கத்தைக் காப்பாற்றினேனோ அது அந்த நிமிஷத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், சிஸ்டர் நே ரோஸ் பூச்சா தா. மைனே ஜூட் போலா" என்றேன். சிஸ்டர் தினமும் கேட்டார், பொய் சொன்னது நான்.

ஏன் என்று கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சார்ட்டை மூடி வைத்தார். பிறகு விளக்கினார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறோம், கீரை பழம் கிடையாது, பாஸ்பரஸ் குறைக்கக் கொடுக்கும் மாத்திரை வேறு இறுக்கும், நடமாட்டமும் இல்லை. இந்த வியாதியில் எல்லோருக்கும் வருவதுதான் மலச்சிக்கல். குழாய் வடியவில்லை என்றால் நாங்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். உங்கள் ஜவ்வுக்கு ஒன்றும் இல்லை, அங்கிள்ஜி. இன்று முழுக்க மருந்து கொடுத்துப் பார்ப்போம். நாளைக் காலை எக்ஸ்ரேயில் நுனி இறங்கவில்லை என்றால் ஆபரேஷன். ஜெபாவிடம் போகிறபோது மெதுவாக ஏதோ சொன்னார், அவள் தலையாட்டினாள்.

எல்லோரும் போன பிறகு ஜெபா வந்து திரையை இழுத்துவிட்டாள்.

"ஊர்ல எங்கப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப நாந்தான் எல்லாம் பாத்தேன், பெரியப்பா. நீங்க எங்கிட்ட வெக்கப்பட்டா நான் நர்ஸுக்குப் படிச்சது எதுக்கு?"

வேண்டுமானால் எனிமா கொடுக்க வேறு சிஸ்டரை அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம், நீயே பாரும்மா என்றேன்.

அன்றைய தினத்தின் விவரங்களைக் கிரேஸ் எழுதக் கூடாது என்றிருக்கிறாள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். எனிமா ஒன்று. சிரப் மூன்று வேளை. அதற்கு நடுவில் வராந்தாவில் நடை. ஒரு பக்கம் கிரேஸ், இன்னொரு பக்கம் ஷைனி. வராந்தா இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய் வந்தால் ஒரு சுற்று, ஷைனி எண்ணிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாம் சுற்றில் நான் திடீரென்று நின்றேன். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஜல்தி, அப்பா, ஜல்தி" என்று ஷைனி கழிப்பறைக் கதவைத் திறந்து பிடித்தாள். இருபது வயதுப் பெண், அப்பாவுக்காகக் கதவருகே காவல் நின்றாள், வந்தவர்களையெல்லாம் அடுத்ததற்குப் போகச் சொன்னாள். மாலைக்குள் மூன்று தடவை ஆனது. ஒவ்வொரு தடவையும் நான் வெளியே வந்து ஜெபாவைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவள் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. வயிறு இளகியது, மூச்சு இறங்கியது. ஆனால் குழாய்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரே. படத்தை வாங்க ஷைனி ஓடினாள். திரும்பி வரும்போதும் ஓடியே வந்தாள். டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பிடித்ததும் எனக்கே தெரிந்தது. நுனி கீழே இறங்கிப் பள்ளத்தில் நின்றது. யாரும் தொடவில்லை, கத்தி வைக்கவில்லை. குடல் வழி விட்டதும் தானாக இறங்கியிருக்கிறது.

ஜெபா கை கழுவினாள், முகமூடி கட்டினாள், மின்விசிறியை நிறுத்தினாள், பையை இணைத்தாள், அடைப்பைத் திறந்தாள். குழாயில் தண்ணீர் சரசரவென்று இறங்கும் சத்தம் கேட்டது. பையின் அடி நனைந்தது, மடிப்பு விரிந்தது, பை எழும்பி உட்கார்ந்தது. உள்ளே மூன்று நாளாகத் தங்கியிருந்ததெல்லாம் வந்தது. நான் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே "வருது, வருது" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

அதோடு முடியவில்லை. வடிவது குழாயின் வேலை. ஜவ்வு தண்ணீரை இழுக்கிறதா என்பதுதான் கேள்வி. புதிதாக எண்ணூறு விட்டார்கள். நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் நான் பேசாமல் இருந்தேன் என்றால் நம்புவீர்களா? வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். உள்ளே அது நடந்துகொண்டிருக்கிறது, யூரியா வருகிறது, பொட்டாசியம் வருகிறது, சர்க்கரை இழுக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு குறுகுறுப்பு கூட இல்லை. இத்தனை பெரிய வேலை இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று யார் நினைப்பார்?

திறந்தார்கள். வடிந்தது. ஜெபா பையைக் கொக்கித் தராசில் மாட்டினாள். ஷைனி முட்டி போட்டு முள்ளைப் பார்த்தாள். "அப்பா, நௌ சௌ பச்சாஸ்" என்றாள். தொள்ளாயிரத்து ஐம்பது. விட்டது எண்ணூறு. அந்த நூற்றைம்பது மில்லி என் காலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் ஜவ்வு வாங்கி வெளியே கொடுத்த தண்ணீர். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, தொற்று இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பைக்குப் பின்னால் பேப்பரை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். ஷைனி இந்திப் பேப்பரை வைத்துத் தலைப்புச் செய்தியைக் கடகடவென்று படித்தாள். பிறகு சின்ன எழுத்தையும் படித்தாள். பிறகு கல்யாண விளம்பரத்தையும் படிக்க ஆரம்பித்தாள், போதும் என்று நிறுத்தினோம். டாக்டரம்மா எட்டிப் பார்த்து எண்ணைக் கேட்டார். அன்றுதான் அவர் சிரித்தார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னார். கிரேஸ் வாட்ஸ்அப்பில் ஸ்தோத்திரம் என்று போட்டாள், எப்படிச் சரியானது என்று மட்டும் எழுதவில்லை.

ஷைனி சாப்பாடு வாங்கக் கீழே போனாள். ஜெபா அடுத்த வார்டுக்குப் போனாள். நான் இன்னும் அந்த நூற்றைம்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் எவ்வளவு, இரண்டு லிட்டர் விட ஆரம்பித்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கிரேஸும் கேட்கட்டும் என்று திரும்பிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். எமர்ஜென்சியில் அழவில்லை, இயந்திரத்தில் நான் மயங்கியபோது அழவில்லை. நல்ல செய்தி வந்த அன்றைக்கு உட்கார்ந்து அழுகிறாள்.

என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"சபைல எல்லாருட்டயும் சொல்லி ஜெபிச்சேன். ராத்திரி பகலா ஜெபிச்சேன். நீங்க கக்கூஸ் போவலங்கத எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா, அத்தான். வெக்கத்துல செத்துப்போனாவன்னு நான் ஊர்ல போயி எப்படிச் சொல்லுவேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளிடம் கூட நான் அதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இப்போது தினமும் காலையில் கழிப்பறைக் கதவைத் திறந்து வெளியே வந்ததும் அடுக்களையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகியிருந்தால் ஆச்சு, ஆகாவிட்டால் இல்லை. அவள் அதற்குப் பிறகுதான் என் தண்ணீர்ப் பையைச் சூடாக்க வைக்கிறாள்.